மண்டோர் சொன்ன ஏழு இடங்கள்

அந்தக் கடிதத்தின் கார்பன் பிரதி நெடுநாள் என்னிடம் இருந்தது. நீல எழுத்துகள் பரவி, மடித்த இடங்களில் கிழிந்து, தலைப்பில் தோட்டத்தின் பெயரும் அடியில் ஒரு தமிழ்க் கையெழுத்தும் மட்டும் தெளிவாகத் தெரியும். தோட்டத்திலிருந்து சிரம்பானுக்கும், சிரம்பானுக்குள்ளேயே இரண்டு மூன்று வாடகை வீடுகளுக்கும், கடைசியில் அம்பாங்கானில் இப்போது இருக்கும் இந்த வீட்டுக்கும் அது என்னோடு வந்தது. ஒருநாள் அலமாரியைத் திறந்தபோது கறையான் தின்று முடித்திருந்தது. வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். பாரம் குறைந்தது என்று நினைத்தேன், குறையவும் இல்லை. அதில் தட்டச்சு செய்திருந்த ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். இந்த வயதில் காலையில் மாத்திரை போட்டேனா என்பது மறந்துபோகிறது, இது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

கோலா சாவாவைத் தாண்டி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் அப்போது சின்னக் கிராணி, அலுவலகத்தில் கணக்கும் கடிதமும் எழுதுபவன். வயது இருபத்திரண்டு. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். எனக்கு ஆங்கிலம் வரும், தட்டச்சு வரும், வெள்ளைக் கால்சட்டையை மடிப்புக் கலையாமல் மாலைவரை காப்பாற்றவும் வரும். இவற்றைத் தவிர வேறெதுவும் வராது என்பது எனக்குத் தெரியவில்லை. மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பால்வெட்டுத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கிவைத்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குக் கதவு மூடிவிடும். காலையில் வேலைக்காட்டுக்குப் போகும் ஒவ்வொருவரையும் கதவடியில் நிறுத்தி, பால் வாளிக்குள் கைவிட்டு, பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்க்கச் சொல்லிப் பார்ப்பார்கள். காட்டில் ஒளிந்திருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் மருந்தும் போய்விடக் கூடாது. அந்த நாளின் சட்டமெல்லாம் இந்த ஒன்றில் அடங்கிவிடும். ஒரு பிடிச் சோறு வெளியே போனாலும் சிறைதான். பசியோடு மரம் சீவிவிட்டுப் பகல் திரும்பித்தான் சாப்பிடுவார்கள். யாரும் சத்தம் போட்டுக் கோபப்பட்டதாக நினைவில்லை. எல்லோரும் களைத்திருந்தார்கள்.

அந்தத் தோட்டத்தின் மண்டோரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தொழிலாளர்களை வேலைக்குப் பிரித்து அனுப்பி, அவர்கள் வெட்டிய மரங்களைச் சுற்றிப் பார்த்து வருவது அவர் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். நெடிய உடம்பு, இரண்டு கணுக்காலிலும் பழைய புண்களின் தழும்பு, அதனால் நடையில் ஒரு சாய்வு. ஜப்பான்காரன் காலத்தில் தம்பியோடு சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர். தம்பியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். திரும்பியவரை நேரே தோட்டத்துக்கு அனுப்பாமல் கோலாலம்பூரில் ஒரு முகாமில் எட்டு மாதம் வைத்திருந்தார்கள். காலில் சதை பிடிக்க வேண்டுமானால் தினமும் நடக்க வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். முதல் நாள் முகாம் வாசல்வரை, மறுநாள் தெருமுனைவரை, அப்புறம் அடுத்த தெரு. இப்படி நடந்து நடந்தே அவருக்கு அந்த ஊர் பழக்கமாயிற்று. யாரிடமும் வழி கேட்காமல், எதையும் வாங்காமல், வேடிக்கை பார்ப்பதையே வேலையாக வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்.

ஆகவே அவர் சொல்லும் கோலாலம்பூரில் அரண்மனை இல்லை, பூங்கா இல்லை. சவப்பெட்டி செய்யும் சீனர்களின் தெரு ஒன்று இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அங்கே ஒரு கடைக்காரக் கிழவர் விற்பனைக்கு வைத்த பெட்டிகளில் ஒன்றைப் பார்த்து உள்ளே படுத்துத் தூங்குவாராம். அந்தப் பெட்டியை யாராவது விலை கேட்டால் எழுந்து அடுத்த பெட்டிக்கு மாறிக்கொள்வாராம். அதே தெருமுனையில் பல் கட்டும் கடை. கண்ணாடிக்குள் ஒரு பொம்மைத் தலை, சாவி கொடுத்தால் வாயைத் திறந்து மூடித் திறந்து மூடி அத்தனை பல்லையும் காட்டும். செத்தவர்களோடு எரிப்பதற்காகக் காகிதத்திலேயே மாடி வீடும் மோட்டார் காரும், காருக்கு ஒரு டிரைவரும் செய்து வைத்திருக்கும் கடை. நாலு முகத்திலும் நாலு மணி காட்டும் மணிக்கூண்டு. ஒரு வீட்டின் மாடிச் சுவரில் முளைத்து, உள்ளே போய், ஜன்னல் வழியாக வெளியே தலை நீட்டிய ஆலமரம். அதன் அடியில் சீனர்களின் ஊதுபத்தியும் நம்மவர்கள் கட்டிய மஞ்சள் துணியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாம்பையும் உடும்பையும் பெரிய பெரிய ஜாடிகளில் ஊறப்போட்டு வைத்த மருந்துக்கடை. பிறகு ஆளைத் தூக்கிக்கொண்டு மேலே போகும் இரும்புக் கூண்டு. ஒரு பெரிய கடையில் தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர் ஒருவர் அதற்குள் நின்று கைப்பிடியைத் திருப்புவார். ஒன்றும் வாங்க வேண்டியதில்லை, சும்மா மேலே போய்க் கீழே வரலாம். மூன்றாம் முறை ஏறினால்தான் முறைப்பார்.

இவற்றை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்துக் கதவு திறக்கக் காத்திருக்கும் நேரத்தில், குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களிடம் ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவார். கேட்டவர்களே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். "பல்லுக்கடைய சொல்லுங்க மண்டோரே" என்று ஒரு பெண் கேட்பாள். அவரும் தாடையைத் திறந்து மூடிக் காட்டுவார். ஒருநாள், இதிலெல்லாம் உங்களுக்கு அப்படி என்ன இருக்கிறது என்று நான் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"சயாம்ல செத்தவங்களுக்கு ஒரு சாக்குகூட கெடைக்கலீங்க ஐயா. என் தம்பிய இந்தக் கையாலதான் இழுத்துக் குழியில போட்டேன். இங்க வந்து பாத்தா ஒருத்தன் சாகாமலே பொட்டில படுத்துக்கிட்டு கொறட்டை விடறான். தெருவுல நின்னு சிரிச்சேன். சிரிச்சு ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு."

நான் தலையாட்டிவிட்டு என் நாற்காலிக்குப் போனேன். அன்று அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு காட்டிலிருந்து வந்தவர்கள் சுற்றியிருந்த தோட்டங்களில் மரங்களைக் கொத்திப்போட்டார்கள், ஒரு லாரியை எரித்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மண்டோர் ஆட்களைக் கட்டிக்காத்ததால்தான் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நம்பினார். ஒருநாள் அவரை அலுவலகத்துக்கு அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். சம்பள உயர்வு கேட்பார், மகளுக்கு வேலை கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு லாரி கேட்டார். இருபத்தைந்து பேரைக் கோலாலம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய், மாலை கதவு மூடுவதற்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன் என்றார். துரை சிரித்து, சரி என்றார். ஆனால் அந்தக் காலத்தில் துரை சரி என்றால் மட்டும் போதாது. யார் போகிறார்கள், அடையாளக் கார்டு எண் என்ன, எந்த வழியாகப் போகிறார்கள், ஊரில் எங்கெங்கே இறங்குகிறார்கள் என்று போலீசுக்கு எழுதிக்கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். அதில் இல்லாத இடத்தில் நிற்கக் கூடாது.

அன்று பிற்பகல் மண்டோர் அலுவலக ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். ஜன்னலுக்கு வெளியே நிற்பது வழக்கம். தொழிலாளர்கள் உள்ளே வர மாட்டார்கள், நாங்களும் கூப்பிட மாட்டோம். பேர்களைச் சொன்னார். சிரம்பானைத் தாண்டாதவர்களாகப் பொறுக்கி எடுத்திருந்தார்; பாதிக்கு மேல் பெண்கள். பிறகு இடங்களை ஒவ்வொன்றாக, விரல் மடித்துச் சொன்னார். எந்தத் தெருவுக்குப் பிறகு எந்தத் தெரு, எங்கே சாப்பாடு, கிழவர் தூங்கும் நேரத்துக்குச் சவப்பெட்டித் தெருவில் இருக்க வேண்டுமானால் எத்தனை மணிக்கு எங்கிருந்து கிளம்ப வேண்டும், எல்லாம் யோசித்து வைத்திருந்தார். நான் தமிழில் குறித்துக்கொண்டேன். "விட்டுப்போயிறாதுங்களா ஐயா" என்று இரண்டு முறை கேட்டார். விட்டுப்போகாது என்றேன்.

அவர் போனபின் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். சவப்பெட்டித் தெரு என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தேன். தாளை உருவிக் கசக்கினேன். இது துரையின் மேசைக்குப் போகும், பிறகு போலீஸ் அதிகாரியின் மேசைக்குப் போகும். அடியில் தயாரித்தவர் என்று என் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். பாம்பு ஜாடி பார்க்கவும் பல் பார்க்கவும் லாரி ஏறிப் போகிறார்கள் என்று எழுதினால் துரை சிரிப்பார். சிரிப்பது அவர்களைப் பார்த்தா, எழுதிய என்னைப் பார்த்தா என்பது தெரியாது. எனக்கு முகம் சுட்டது. புதுத் தாளைச் சொருகி ரயில் நிலையக் கட்டடம், ஏரிப் பூங்கா, அருங்காட்சியகம், மலைக்குகைக் கோயில் என்று நாலு இடங்களை அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் நேரமும் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. ஊருக்குள் போனபின் யார் தேடி வந்து பார்க்கப் போகிறார்கள், அவர் அவருடைய இடங்களுக்குப் போய்க்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவருக்கு ஒரு நன்மை செய்கிறேன் என்றுகூட நினைத்தேன். வெட்கத்துக்கு எப்போதும் இப்படி ஒரு நல்ல சட்டை கிடைத்துவிடுகிறது.

பொறுப்பாளர் என்ற இடத்தில் மண்டோரின் கையெழுத்து வேண்டும். மறுநாள் ஜன்னல் வழியாகத் தாளையும் கார்பன் பிரதியையும் நீட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. "ஏழும் இருக்குதுங்களா" என்றார். நான் மையொற்றும் தாளை எடுப்பதுபோல் குனிந்துகொண்டு "ஓம், எல்லாம் இருக்கு" என்றேன். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். துரை படித்துப் பார்த்து, மிக ஒழுங்காக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அன்று மாலை அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை இப்போதும் அப்படியே பார்க்க முடிகிறது. பெண்கள் கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தார்கள். பெட்டியின் அந்துருண்டை வாசம் கதவடிவரை வந்தது. பயணம் என்றால் நம்மவர்களுக்குக் கட்டுச்சோறு இல்லாமல் ஆகாது. புளிச்சோறு கட்டாமல் கோயிலுக்குக்கூடப் போய்ப் பழக்கமில்லை. அன்று எல்லோர் கையும் வெறும் கையாக இருந்தது. வைக்க இடம் தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "வெறுங்கையோட பயணமா, நல்லாவா இருக்கு" என்று ஒருத்தி முனகினாள். "அங்க எலை போட்டு திங்கலாம், வாங்க" என்றார் மண்டோர். கதவுக் காவலர்கள் பூச்சரத்தைக்கூட உதறிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். மண்டோர் வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் அணிந்திருந்தார். கடைசியாக ஏறியவர் என்னைப் பார்த்து, "ஐயாவும் வந்திருக்கலாம்" என்றார். தொழிலாளர் லாரியில் கிராணி ஏறுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னார். நான் கை அசைத்தேன்.

லாரி ஐந்து மணிக்கு வந்திருக்க வேண்டும். மூன்றரைக்கே வந்துவிட்டது. யாரும் குதித்து இறங்கவில்லை. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்கள். நான் எண்ணினேன், ஒரு தலை குறைந்தது. மேல் லயத்து அக்கா ஒருவர், பல்லுக்கடைக் கதையை எப்போதும் கேட்பவர், என்னிடம் வந்து நின்றார். அவர்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

"மொத மூனு எடம் நல்லாத்தாங்க பாத்தோம். மணிக்கூண்டு, காயிதக் காரு, அந்த ஆலமரம். நான் மஞ்சத்துணி கட்டிட்டு வந்தேன். அப்புறம் மருந்துக்கடை. எல்லாரும் ஜாடிய பாத்துக்கிட்டு நிக்கிறப்ப ரோட்ட ரெண்டு பக்கமும் மறிச்சுட்டாங்க போலீசு. தாள குடுன்னாங்க. மண்டோரு குடுத்தாரு. படிச்சுட்டு, இது ஏரிப் பூங்காவா, சீனன் மருந்துக்கடையில எஸ்டேட்டு ஆளுங்களுக்கு என்னா வேலை, யாருக்கு மருந்து வாங்க வந்தேன்னு கேட்டாங்க. அவரு அந்தத் தாளையே பாத்துக்கிட்டு நின்னாருங்க. எங்கள ஏத்தி அனுப்பிட்டாங்க, அவர வச்சுக்கிட்டாங்க." சொல்லிவிட்டு, "நாங்க இன்னும் சாப்பிடலீங்க" என்றார்.

மூன்றாம் நாள் துரையின் அறைக்கு என்னை அழைத்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மேசைமேல் என் கடிதம். இரண்டு இரவும் நான் தூங்கவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். என்ன சொற்களில் சொல்வது என்றுகூட ஆங்கிலத்தில் கோர்த்து வைத்திருந்தேன். அதிகாரி என்னை உட்காரச் சொல்லவில்லை. மண்டோரிடம் கேட்டோம், என்றார். இந்தக் கடிதத்தை நீ அவருக்கு வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினாய், பிறகுதான் கையெழுத்துப் போட்டார், வேறு இடங்களுக்குக் கூட்டிப்போனது தன்னுடைய சொந்த யோசனை, என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அது சரிதானா?

நான் வாசித்துக் காட்டவே இல்லை. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்பியிருப்பார். போலீசுக்குப் பொய்யான பட்டியல் கொடுத்தவன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். வேலை போயிருக்கும். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. "ஆம் ஐயா" என்றேன். அவ்வளவுதான். துரை என்னைப் பார்த்துத் தலையாட்டினார், போகலாம் என்று. நான் நாற்காலிக்குத் திரும்பி, பாதியில் விட்ட கடிதத்தை அடித்து முடித்தேன்.

மறுவாரம் மண்டோர் வீட்டம்மா ஜன்னலடிக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். புருசனை விடச் சொல்லி ஒரு மனு எழுதித்தர வேண்டும் என்றார். தோட்டத்தில் மனு எழுதுவதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. "நீங்க நல்லா எழுதுவீங்கன்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார். நான் எழுதினேன். இதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மனுவை நான் எழுதியதில்லை. பதினெட்டு வருடம் குறையில்லாமல் உழைத்தவர், சயாம் போய் மீண்டவர், காட்டுப்பக்கம் திரும்பிப் பார்க்காதவர், வேடிக்கை காட்ட ஆசைப்பட்டதைத் தவிர வேறு தவறு செய்யாதவர் என்று உருகி உருகி எழுதினேன். அதில் இருந்த எல்லாமே உண்மை. எழுத வேண்டிய ஒரே ஒரு வரியைத்தான் எழுதவில்லை. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். வாழைப்பழம் மேசையில் கறுத்துப்போகும்வரை இருந்தது.

ஏழு வாரம் கழித்து விட்டார்கள். அந்த மனுவால்தான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள், எனக்கு நல்ல பெயர். திரும்பியவருக்கு மண்டோர் வேலை இல்லை என்று துரை சொல்லிவிட்டார். பால்வெட்டுக் கத்தியைக் கொடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் அவரைப் பழையபடி மண்டோர் என்றே கூப்பிட்டோம், பழக்கம். அவர் தினமும் பகலில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுவைக்கு நிற்பார். நான் எடை குறிப்பேன். "நல்லா இருக்கீங்களா ஐயா" என்பார். வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். காலைப் பெரட்டில் அவர் கதை எதுவும் எடுத்துவிடுவதில்லை. யாரும் பல்லுக்கடையைச் சொல்லுங்கள் என்று கேட்கவுமில்லை. கதவு திறக்கும்வரை எல்லோரும் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

இன்று கோலாலம்பூருக்கு சிரம்பானிலிருந்து ரயிலேறினால் ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் வேலைக்குப் போய் மாலையில் திரும்பிவிடுகிறார்கள். பழைய சவப்பெட்டிக் கடை, காகித வீட்டுக் கடை, மரம் முளைத்த சுவர் என்று எங்கே என்ன எஞ்சியிருந்தாலும் அதைப் பார்க்கவென்று வெளிநாட்டுக்காரர்கள் பையை மாட்டிக்கொண்டு வருகிறார்களாம். கூட்டிப்போய்க் காட்டுவதற்கு ஆட்கள் இருக்கிறார்களாம். ஊரில் காணவேண்டிய விசித்திரங்கள் என்று என் பேத்தி எனக்கு ஒருநாள் படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்தேன். படித்த கூட்டம் இப்போது தேடிக்கொண்டு போவதை எழுதப் படிக்கச் சிரமப்பட்ட ஒரு மனிதர் எப்போதோ கண்டுவைத்திருந்தார். இதை அவளிடம் சொல்ல நினைத்தேன். சொல்ல ஆரம்பித்தால் கடிதம்வரை சொல்ல வேண்டும். தூக்கம் வருகிறது என்று எழுந்து போய்விட்டேன்.

எங்கள் வட்டாரத்தில் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டதாக அறிவித்த பிறகு, கம்பி வேலியைப் பிரிக்கச் சொல்லித் துரை உத்தரவு போட்டார். எத்தனை சுருள் கம்பி தேறுகிறது என்று குறித்துவர நான் போனேன். வேலியின் கீழ்ப் பக்கம் மண்டோர் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு முள்கம்பியை இழுத்து இழுத்துச் சுருட்டினார். தலை நன்றாக நரைத்திருந்தது. அக்கம்பக்கம் யாரும் இல்லை. இதற்குமேல் சுமக்க முடியாது என்றுதான் வாயைத் திறந்தேன்.

"மண்டோர், அந்தக் கடிதத்தில நீங்கள் சொன்ன இடம் ஒண்டும் இல்லை. நான்தான் மாத்தி எழுதினனான்."

"தெரியும் தம்பி" என்றார். கை நிற்கவில்லை. என்னை அவர் தம்பி என்று சொன்னது அன்றுதான். "மருந்துக்கடை வாசல்லயே தெரிஞ்சு போச்சு. ஏரிப் பூங்காவான்னு கேட்டாங்கல்ல."

"பிறகேன் நான் வாசிச்சுக் காட்டினதெண்டு சொன்னியள்?"

"இல்லேன்னா உங்களையும்ல கூட்டிட்டுப் போயிருப்பாங்க. நான் சயாமே பாத்தவன், அந்த லாக்கப்பு எனக்குப் பெருசில்ல. நீங்க தாங்க மாட்டீங்க." கம்பியை இன்னொரு சுற்றுச் சுருட்டினார். "ஒன்னுதான் கேக்கணும்னு இருந்தேன். நான் சொன்ன எடமெல்லாம் அவ்வளவு கேவலமாவா இருந்துச்சு?"

"துரை சிரிப்பாரெண்டு நினைச்சன்."

"சிரிக்கட்டுமே தம்பி" என்றார். "சிரிக்கத்தானே அங்கெல்லாம் போறது."

எனக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. இனிப் பாஸ் வேண்டாம், யார் கையெழுத்தும் வேண்டாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் உங்களோடு வருகிறேன், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏழு இடத்துக்கும் போவோம் என்று வேகவேகமாகச் சொன்னேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் சுருளைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

"வேணாம் தம்பி. முன்னெல்லாம் கோலாலம்பூர்னா எனக்கு அந்தக் கெழவன் பொட்டில தூங்கறதுதான் கண்ணுக்கு வரும். சயாம் நெனப்பு வந்தா அதத்தான் நெனச்சுக்குவேன், போயிரும். இப்ப அந்த ஊர நெனச்சாலே அவங்க என்னைய வச்சிருந்த ரூம்புதான் வருது. வேற ஒன்னும் வர மாட்டேங்குது."

ஏழு வாரத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். சயாமை மறக்க அவர் வைத்திருந்த ஒரே ஊரையும் நான் எடுத்துக்கொண்டுவிட்டேன் என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. சுருள்களை எண்ணாமலேயே அலுவலகத்துக்குத் திரும்பினேன்.